சாக்ஸுக்குள் இருந்த மெட்டி

“பத்தாங்கிளாஸ் தாண்டுனவ நம்ம குடும்பத்துல எவளுமில்ல. காலேஜு முடிச்சிட்டு ஊரார் காலப் பிடிச்சு விடவாட்டி போற?”

செம்பூரில் ஒரு வெல்னஸ் ஸ்டூடியோவில் வேலை கிடைத்திருக்கிறது என்று நான் சொன்னதும் அம்மா கேட்டது இது. தாராவியில் எங்கள் வீட்டிலேயே இட்லி அவித்து விற்பவள் அவள். தட்டு கழுவிக்கொண்டிருந்த கை நிற்கவேயில்லை.

“கால் பிடிக்கிற வேலை இல்லம்மா. மெஷின் வேலை. ஆளக் குளிர்ல கொஞ்ச நேரம் நிக்க வச்சு வெளிய எடுக்கணும்.”

“குளுருக்குத் துட்டு குடுத்து வாராகளா? பம்பாய்ல கிறுக்கனுவ கூடிட்டானுவ.”

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். இப்போது இந்த மாதிரி ஸ்டூடியோக்களில் வேலைக்குச் சேரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஈஷா

முதல் நாள் மேனேஜர் ஷீத்தல் மேடம் என் சான்றிதழைப் பார்த்தார். “இசக்கி… அம்மாள். கிளையன்ட் எப்படிக் கூப்பிடுவாங்க? ஈஷான்னு வச்சுக்கலாம், ஓகே?” என்று ஹிந்தியில் சொல்லி, அன்று மாலையே பேட்ஜ் அடித்துக் கொடுத்தார். எனக்கு வருத்தமில்லை. வெள்ளைக் கோட்டு, கண்ணாடி அறை, விரல் வைத்தால் ஒளிரும் பேனல். எங்கள் சந்தில் யாரும் தொட்டிராத மெஷின் என் பொறுப்பில் இருந்தது. நடையே மாறிப்போனது.

மெஷின் என்பது ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கேபின். நைட்ரஜன் ஆவி உள்ளே இறங்கும். தலை மட்டும் வெளியே தெரியும். மைனஸ் நூறுக்கும் கீழே போகும் குளிரில் அதிகபட்சம் மூன்று நிமிடம்தான் நிற்கலாம். பக்கத்து அறையில் ஐஸ் டப்.

குளிரால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். நெடுந்தூரம் ஓடிவிட்டு வரும் பையன்கள் ஐஸ் டப்பில் உட்கார்ந்து எழுந்தால், கால் வலி குறைந்து சிரித்துக்கொண்டு போவார்கள். நானும் கேபினில் நின்று பார்த்திருக்கிறேன். வெளியே வந்ததும் உடம்பு முழுக்க விழித்துக்கொண்டதுபோல இருக்கும். ஆனால் எங்கள் வாசல் போர்டு இதோடு நிற்கவில்லை. எடை குறையும், சுருக்கம் போகும், மூட்டுத் தேய்மானம் சரியாகும் என்று அடுக்கிக்கொண்டே போனது.

ஆபத்தையும் பார்த்தேன். பந்தயம் கட்டி ஐஸ் தண்ணீரில் சட்டென்று இறங்கிய ஒருவர் மூச்சு வாங்க முடியாமல் விழித்தார். உதடு நீலமாகிவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினோம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

மஞ்சள் கயிறு

கேபினுக்குள் உலோகம் கூடாது. உடம்பில் ஈரமும் கூடாது. இரண்டும் தோலைச் சுட்டுவிடும். நெருப்பு சுடுவதுபோலவே குளிரும் சுடும். செயின், கம்மல், மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்ற வேண்டும் என்று டிரெயினிங்கில் படம் போட்டுக் காட்டினார்கள். படத்தில் இருந்தவள் ஒரு வெள்ளைக்காரப் பெண்.

மாட்டுங்காவிலிருந்து வரும் நம் பெண்கள் தாலியைக் கழற்ற மாட்டார்கள். கேபின் வரை வந்து திரும்பிப் போனவர்கள் உண்டு. அதனால் கிங்ஸ் சர்க்கிளில் பூஜை சாமான் கடையில் மஞ்சள் கயிறு வாங்கி டிராயரில் வைத்தேன். கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பிறகு தங்கச் செயினைக் கழற்றலாம். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்காது. “ஈஷா, ஸ்மார்ட் கேர்ள்!” என்று மேடம் எல்லோர் முன்னாலும் கை தட்டினார்.

மைதிலி மாமி அந்தக் கயிற்றால்தான் திரும்பிப் போகாமல் எங்களிடம் வந்தார். பாங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முட்டி வலி. அவருடைய பெண், பிறந்த நாள் பரிசாகப் பத்து முறைக்குப் பதிவு செய்து கொடுத்திருந்தாள்.

மேடம் வரவேற்பு மேஜையில் வேகமாகக் கேட்டார். “ஹார்ட்? பி.பி.? பிரெக்னென்சி?”

“அறுபத்தஞ்சு வயசுக்கு அது ஒண்ணுதான் பாக்கி” என்று மாமி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“டயபிட்டீஸ்?”

“கன்ட்ரோல்ல இருக்கு.”

“குட்” என்று மேடம் முடித்துவிட்டார்.

கேபின் அறையில் மாமி கேட்டார். “ஏன்டிம்மா, நிஜத்தைச் சொல்லு. இதுல நின்னா முட்டி சரியாப் போயிடுமா?”

“வலி கொஞ்ச நேரம் அடங்கும் மாமி. தேஞ்சது தேஞ்சதுதான்.”

“வாசல்ல போர்டு வேற மாதிரி சொல்றதே! பரவால்லே, நீ நல்ல பொண்ணு. ஈஷாவா உன் பேரு? எந்த ஊரு?”

“இசக்கியம்மாள், மாமி. திருநெல்வேலிப் பக்கம்.”

“அப்படிச் சொல்லு!”

அதன்பிறகு அந்த ஸ்டூடியோவில் என்னை இசக்கி என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். சில முறை வந்து போனதில் மாடிப்படி ஏற வலி குறைந்திருக்கிறது என்றார். முகத்தில் தெரிந்தது. பொய்யில்லை.

ஒண்ணுமே தெரியலை

அன்று நல்ல மழை. மாமி கிங்ஸ் சர்க்கிளில் கணுக்கால் தண்ணீரில் நடந்து டாக்ஸி பிடித்து வந்திருந்தார். துவாலை கொடுத்தேன். கேபினுக்குள் போடும் கம்பளி சாக்ஸை எடுத்துக்கொண்டு நானே போட்டுவிடலாம் என்று கீழே உட்கார்ந்தேன். மாமி காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

“எழுந்திரு, எழுந்திரு! கல்யாணம் ஆகாத பொண்ணு, படிச்ச பொண்ணு, நீ போய் என் காலைப் பிடிக்கறதாவது! நானே போட்டுக்கறேன்.”

கிளையன்ட் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது என்பது மேடத்தின் விதி. கால் பிடிக்கும் வேலை இல்லை என்று அம்மாவிடம் சொன்ன எனக்கும் அது வசதியாகவே இருந்தது. மாமி சுவர்ப் பக்கம் திரும்பி சாக்ஸை மாட்டிக்கொண்டார்.

கேபினில் நின்றபோது கேட்டேன். “கால் எரியுதா மாமி?”

“ஒண்ணுமே தெரியலைடிம்மா. இன்னிக்கு ரொம்ப சுகமா இருக்கு.”

நைட்ரஜன் ஆவி கனமானது, கீழேதான் இறங்கும். கேபினில் மிகவும் குளிரும் இடம் பாதம். அங்கே ஒன்றுமே தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால் உடனே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அது நல்ல பதில் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

வெளியே வந்து உட்கார்ந்தவர், “சாக்ஸ் ஒட்டிண்டிருக்கே” என்று சொல்லி வெடுக்கென்று இழுத்தார்.

வலது காலின் இரண்டாவது விரல். அதில் வெள்ளி மெட்டி. மெட்டிக்கு மேலும் கீழும் விரல் மெழுகுவர்த்திபோல வெளுத்து விறைத்திருந்தது. சாக்ஸோடு ஒரு துண்டுத் தோல் போயிருந்தது. ரத்தம்கூட வரவில்லை.

மாமி தன் காலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். “என்னடிம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?”

அவருக்கு வலிக்கவே இல்லை. பல வருடச் சர்க்கரை, பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. சர்க்கரை கன்ட்ரோலில் இருக்கிறதா என்று கேட்டோம். கால் தரையை உணர்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கழுத்தையும் காதையும் கையையும் பார்த்தோம். நம் வீட்டுப் பெண்கள் காலிலும் உலோகம் போடுவார்கள் என்பது படம் வரைந்தவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். என் அம்மா கால் விரலிலும் இருக்கிறது. சாக்ஸ் மூடியதும் நினைவிலிருந்தும் அது மறைந்துபோனது.

மேடம் ஓடி வந்தார். “நார்மல்தான், நார்மல்தான். தேய்ச்சு விடு, ஈஷா. கிரீம் போடு.”

“தேய்க்கக் கூடாது மேடம். ஹாஸ்பிடல் போகணும்.”

“ஹாஸ்பிடலா? வெளியே கிளையன்ட் உட்கார்ந்திருக்காங்க. மெதுவாப் பேசு!”

நான் சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றினேன். மாமியைத் தாங்கிப் பிடித்து டாக்ஸியில் ஏற்றினேன்.

கட்டர்

வழியிலேயே விரல் வீங்கத் தொடங்கியது. மெட்டி உள்ளே புதைந்தது. டாக்டர் ஒரு மராட்டிப் பெண். பார்த்தவுடனே, வளையத்தை வெட்டாவிட்டால் உள்ளே ரத்த ஓட்டமே நின்றுவிடும் என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, கட்டரைக் கையில் எடுத்தார்.

அதுவரை அமைதியாக இருந்த மாமி அலறினார். “வெட்டாதீங்கோ! அவர் இருக்கார்! ஆத்துல உசிரோட இருக்கார்!”

டாக்டர் திகைத்து என்னைப் பார்த்தார். புருஷன் செத்தால்தான் இதைக் கழற்றுவார்கள் என்று விளக்கினேன். டாக்டர் கட்டரைக் கீழே வைத்தார். “அங்கிளுக்கு போன் போடு” என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் மனிதர். பேச்சு இழுத்து இழுத்து வந்தது. விஷயத்தைக் கேட்டார். பிறகு சொன்னார். “மைதிலி… வெட்டச் சொல்லுடி. நான் எங்கேயும் போகலை.”

மாமி முகத்தை என் கோட்டில் புதைத்துக்கொண்டார். கட்டர் கடித்த சத்தம் சின்னதாகத்தான் கேட்டது.

ஈரமும் வெள்ளியும் மரத்த காலும் ஒன்று சேர்ந்ததுதான் காரணம் என்றார் டாக்டர். முந்தைய தடவைகளில் கால் காய்ந்திருந்ததால் தப்பித்திருக்கலாமாம். விரல் பிழைக்குமா என்று உடனே சொல்ல முடியாது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்றார். காத்திருந்தோம். விரல் கறுத்தது. எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போன என்னிடம் மாமி சொன்னார். “அழாதேடி இசக்கி. இன்னொரு கால்ல ஒண்ணு இருக்கு. மாமாவுக்கு அது போறும்.”

அம்மாவின் கால்

அன்றிரவு அம்மாவிடம் காலைக் காட்டச் சொன்னேன். “கிறுக்கு பிடிச்சிருக்காட்டி?” என்று நகர்ந்து உட்கார்ந்தாள். விடவில்லை. இழுத்து மடியில் வைத்தேன். இட்லி ஆவியிலும் ஈரத்திலும் நின்று நின்று வெடித்த பாதம். மெட்டியைத் திருப்பினால் அடியில் வெந்துபோன தோல். விரல் நுனியை அழுத்தி, “தெரியுதா?” என்றேன்.

“வலிக்கி, விடுட்டி!”

அந்த வார்த்தையைக் கேட்டு நான் அழுதேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

மறு வாரம் மேடம் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “எல்லா நகையும் கழட்டச் சொன்னோம், அவங்கதான் மெட்டியை மறைச்சாங்கன்னு எழுதிக் கொடு. நீயும் அவங்களும் தமிழ். நீ சொன்னா நம்புவாங்க. நீதான் அடுத்த சீனியர்.”

“மறைக்கலை மேடம். நாம கேக்கலை.”

நடந்ததை நடந்தபடி எழுதி, இசக்கியம்மாள் என்று கையெழுத்துப் போட்டு மாமியின் பெண்ணிடம் கொடுத்தேன். பேட்ஜை மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். குளிர் வலியை மரக்கச் செய்யும், நோயை ஆற்றாது. இதயக் கோளாறு, பிரஷர், சர்க்கரை, ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்களை டாக்டர் சம்மதம் இல்லாமல் உள்ளே விடாதீர்கள். வற்புறுத்தக் கூடாது என்று எந்த மேடம் சொன்னாலும், சாக்ஸ் போடும் முன் காலை உங்கள் கையில் வாங்கிப் பாருங்கள்.

போன திங்கட்கிழமை மாட்டுங்காவில் சர்க்கரை நோயாளிகளின் பாதம் பார்க்கும் கிளினிக் ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டேன். என்ன வேலை என்று அம்மா கேட்டாள். “ஊரார் காலப் பிடிக்கிற வேலைதாம்மா” என்றேன். அவள் தன் காலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

முதலில் வந்தவர் அம்பர்நாத் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். “வேண்டாம் தாயி, நீ போயி என் காலைத் தொட்டுக்கிட்டு… நானே கழட்டுதேன்” என்று கூச்சப்பட்டார்.

அதற்குள் அவர் கால் என் மடியில் இருந்தது.