கந்தசஷ்டிக்குப் பட்டினி கிடந்த பல்லி

படிக்க லியோன் நகருக்குப் போன மகள், தன் வளர்ப்புப் பல்லியை என்னிடம் விட்டுப் போனாள். கந்தசஷ்டி விரதத்தில் வீட்டுக்குள் உயிர்க்கொலை ஆகாதென்று, அதற்குப் போடும் உயிருள்ள பூச்சிகளை நிறுத்தினேன். பால்சோறு வைத்தேன், தொடவில்லை. முருகனுக்காக நான் பட்டினி கிடந்தேன்; அது யாருக்காகக் கிடந்தது? விரதம் முடிந்த பின்பும், பூச்சியைத் தொடும் அருவருப்பில் நாளைக் கடத்தினேன். கொழுத்திருந்த வால் ஈர்க்காகிவிட்டது.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் மிருக வைத்தியர் தந்த கூழைச் சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். மெல்லத் தேறி, என் விரலிலிருந்தே நக்கத் தொடங்கிய மாலையில் மகள் தொலைபேசியில் அழைத்தாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறதா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“ஓம் பிள்ளை, ஒருநாளும் பட்டினி போடேல்லை.”

சொல்வது உண்மையென்றால் பல்லி சத்தமிடும் என்பார்கள். என் கையிலிருந்தது கூழை நக்கியதே தவிர, சத்தமே போடவில்லை.