ரமணி வாயில் வைக்காத கரண்டி

ஜுரு என்ற ஊரில் இருக்கும் அந்தக் காளான் தொழிற்சாலையில் ரமணியின் நாக்கைக் கேட்காமல் ஒரு பையும் வெளியே போகாது. காளானைக் கழுவி, நறுக்கி, வெந்நீரில் போட்டெடுத்து, சாற்றில் ஊறவைத்து, ஹோட்டல்களுக்கும் பீட்சா கடைகளுக்கும் அனுப்புகிற இடம் அது. பையை மூடுவதற்கு முன் ரமணி ஒரு கரண்டி வாயில் போட்டு, "போலாம்லா" என்று சொல்லவேண்டும். பதினெட்டு வருஷமாக அதுதான் வழக்கம்.

சாற்றுக்கு உப்பு நிறுத்துப் போடுவது ஆசியா பீவி. கணவன் செத்து, மூன்று பிள்ளைகளோடு திகைத்து நின்றவளை ரமணிதான் இங்கே சேர்த்துவிட்டாள். ஆறு வருஷமாக இருவருக்கும் ஒரே மேசையில்தான் சாப்பாடு.

ரமணியின் மகள் சாந்தினிக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், வயிற்றில் எதுவும் தங்கவில்லை. பெற்றவள் என்ன செய்வாள்? தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையானுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, நாற்பத்தெட்டு நாள் விரதம் பிடித்தாள். பார்த்து வைத்த மாதிரி அந்த மாதம்தான் ஒரு பேஸ்ட்ரி தயாரிக்கும் கம்பெனி புது ஆர்டர் கொடுத்தது. கோழிச் சாற்றில் ஊறிய காளான், நானூறு கிலோ.

வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் நாக்கை வைத்துப் பிழைக்கிறவள், நாக்குக்கு விரதம் என்று மேனேஜரிடம் எந்த முகத்தோடு சொல்வாள்? அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டால்? கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள், முகர்ந்தாள், "போலாம்லா" என்றாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் மூக்குக்கே தெரியுமாம்! உப்புக்கு ஏதம்மா வாசனை?

அன்று மிஷின் நடுவில் நின்று திரும்ப ஓடியதில், ஆசியா உப்பை இரண்டு தடவை போட்டிருந்தாள். நாலாம் நாள் நானூறு கிலோவும் திரும்பி வந்தது. வாயில் வைக்க முடியாத உப்பு.

மேனேஜர் கார்த்திகேசு இருவரையும் கூப்பிட்டான். "அக்கா, நீங்க டேஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன் தம்பி. சரியாத்தான் இருந்துச்சு."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. ரமணி பார்த்தபோது சரியாக இருந்ததென்றால், அதற்குப் பிறகுதான் யாரோ உப்பைக் கொட்டியிருக்க வேண்டும். உப்பில் கை வைக்கிறவள் ஒருத்திதான். ஆசியாவோ, "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். நான்தான் என்னமோ தப்பு பண்ணிட்டேன் போல" என்று அழுதாள். அன்று சாயங்காலமே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாள் ரமணிக்குப் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. பாவி, அந்த மூன்று நாளும் விரதத்தை மட்டும் விடவில்லை! நாலாம் நாள் கார்த்திகேசுவிடம் போய் உண்மையைக் கொட்டினாள். அவன், "கஸ்டமர்கிட்ட ஆளை வேலையைவிட்டு நிறுத்திட்டோம்னு சொல்லியாச்சுக்கா. இப்ப வந்து சொல்றீங்களே" என்று எழுந்து போய்விட்டான்.

அங்கிருந்து நேராக ஆசியாவின் ஃப்ளாட்டுக்குப் போனாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவாள், கதவைச் சாத்துவாள், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தாள். ஆனால் ஆசியா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கண் மட்டும் நிறைந்துகொண்டே வந்தது.

"சாந்தினிக்காக நானும் தொழுகையில துஆ கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றாள். "விரதம்னு என் காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா, நான் வாயில வச்சுப் பாத்துச் சொல்லியிருப்பேனேக்கா. எனக்கு என்ன விரதம்?"