ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர்

அக்காவுக்கு முதல் டயாலிசிஸ் நடந்தது தை மாதம், பொங்கல் கழிந்து வந்த செவ்வாய்க்கிழமை. நாளையும் வானிலையையும் குறித்து வைப்பது என் பழக்கம். அன்றைக்குத் தென்காசியில் நல்ல வெயில். மலையில் மேகம் இல்லை. அத்தான் இறந்தபின் அக்கா என்னோடு வந்து, முன்னறையில் தையல் மிஷினைப் போட்டு, தெருவில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

டயாலிசிஸ் பிரிவில் மிஷினைப் பார்த்துக்கொண்ட பெண் கடையநல்லூர்க்காரி. முதலில் அக்காவை எடை பார்க்கக் கூப்பிட்டாள்.

“மேல ஏறுங்க ஆச்சி.”

“ஆச்சியா? எனக்கு இன்னும் தலையே முழுசா நரைக்கலட்டி.”

“சரி, அக்கா. ஏறுங்கக்கா.”

பிறகு விளக்கம் சொன்னாள். கிட்னி ஒரு சல்லடை. அதன் ஓட்டைகள் அடைத்துவிட்டன. இனி குடிக்கிற தண்ணீர் வெளியே போகாது, உடம்பிலேயே தங்கும். மிகுந்த தண்ணீரை எல்லாம் மிஷின் எடுத்தபின் நிற்கிற எடைக்கு ட்ரை வெயிட் என்று பெயர். அக்காவுக்கு அது ஐம்பத்திரண்டு கிலோ. அடுத்த முறை வரும்போது அதற்குமேல் எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவும் தண்ணீர். ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர்.

எனக்குப் பொறுக்கவில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். சிறுநீரகம் சல்லடை இல்லை, அது ஏராளமான நீரை வடித்துவிட்டு அதில் பெரும்பகுதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது என்றேன். தின்ற இட்லிக்கும் எடை உண்டு, வேர்வையில் போவதற்கும் எடை உண்டு என்றேன்.

“நீங்க சொல்லுதது சரிதான் சார். ஆனா அதை வச்சு மிஷின்ல நான் எந்த நம்பரைப் போட?”

அக்கா படுக்கையில் சாய்ந்தபடியே சொன்னாள்: “நீ சும்மா கெடலே. அவ சொன்னது எனக்கு வெளங்கிட்டு. நீ சொல்லுதது உனக்கே வெளங்கிச்சான்னு தெரியல.”

எங்கள் ஊரில் மேகம் மலையில் முட்டி உடைகிறது என்பார்கள். உண்மையில் காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்துதான் மழையாகிறது. ஆனால் மேகம் முட்டுவதாக நம்புகிறவர்கள்தான் கொடியில் கிடக்கும் துணியை நேரத்துக்கு எடுக்கிறார்கள். நான் என் குறிப்புகளோடு ஜன்னலில் நின்று நனையவிட்டிருக்கிறேன்.

அந்தச் சல்லடையையும் லிட்டரையும் வைத்து அக்கா ஒன்றரை வருடம் நன்றாக வாழ்ந்தாள். காலையில் ஒரு பாட்டிலில் அன்றைய தண்ணீரை அளந்து வைப்பாள். காப்பி குடித்தால் அதே அளவு பாட்டிலிலிருந்து செடிக்குப் போகும். தாகம் தாங்காவிட்டால் புளியங்குடி எலுமிச்சம்பழத்தைச் சிறு துண்டாக நறுக்கி நாக்கில் வைத்துக்கொள்வாள். கீழப்பாவூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, காலையிலிருந்து வாயை நனைக்காமலே இருந்து, பந்தியில் ஒரு தம்ளர் பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நோயாளியின் சிரிப்பாக அது இல்லை. கணக்கு கையில் இருக்கிறவளின் சிரிப்பு.

ஆனி மாதம் சாரல் விழுந்து அருவி திறந்தது. குளிக்க வேண்டும் என்றாள். டாக்டர், ஊசி குத்தும் கையில் அடி படாமல் குளிக்கலாம் என்றார். பக்கத்து வீட்டம்மாவைத் துணைக்கு அனுப்பி, நான் வெளியே நின்றேன். ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு வந்தாள்.

“வாயை இறுக்க மூடிக்கிட்டே குளிச்சேம்லே. அம்புட்டுத் தண்ணி தலையில கொட்டுது, ஒரு சொட்டு உள்ள விடல. நாளைக்கு எடையில பாரு.”

மறுநாள் வெள்ளிக்கிழமை, டயாலிசிஸ் நாள். எடை ஒன்றரை கிலோதான் ஏறியிருந்தது. கடையநல்லூர்ப் பெண், “இந்த ரூம்லேயே நீங்கதான்க்கா ஃபர்ஸ்ட்” என்றாள். அக்கா மற்றப் படுக்கைகளை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வருடம் ஆவணியில் அக்கா தன் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலும் பக்கத்திலும் தையல் பிடித்துக்கொண்டிருந்தாள். துணி பழசானால் தளரும் என்று சொன்னாள். புரட்டாசியில் ஒரு தலையணை போதாமல் இரண்டு வைத்துப் படுத்தாள். பிறகு மூன்று. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். டாக்டரிடம் சொல்வோம் என்றேன்.

“எடை சரியா இருக்குல்லா? தண்ணி இல்ல. இது சாரக் காத்துல வந்த சளி.”

எடை சரியாகத்தான் இருந்தது. அதைப் பார்த்து எனக்கும் நிம்மதியாக இருந்தது. அந்த வாரமே ஒரு விடியற்காலை, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினாள். ஆட்டோவில் கொண்டுபோனோம். டாக்டர் அவள் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது. படம் எடுத்துப் பார்த்தார், நுரையீரலில் நீர்.

“கொஞ்ச நாளா உடம்பு இளைச்சிருக்கா?”

“ஜாக்கெட் எல்லாம் தொளதொளன்னு ஆயிட்டு. பிடிச்சுத்தான் போடுதேன்.”

டாக்டர் என்னிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார். சதை கரைந்திருக்கிறது. கரைந்த சதையின் இடத்தில் நீர் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டும் சேர்ந்து அதே எடை. எடை மிஷினுக்கு எது சதை, எது தண்ணீர் என்று தெரியாது. ட்ரை வெயிட்டைக் குறைக்க வேண்டும்.

நாற்பத்தொன்பது என்று குறித்தார்கள். அன்று மிஷின் எடுத்த தண்ணீரில் அக்காவுக்கு மூச்சு திரும்பியது. இரவு ஒரே தலையணையில் தூங்கினாள். பழைய கணக்குதான், எண்ணை மட்டும் மாற்றியிருந்தார்கள்; அது மறுபடியும் அவளைக் காப்பாற்றியது. அதனால் அதைத் திட்டவும் என்னால் முடியவில்லை.

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் பார்க்கும் எடையையும் என் குறிப்பில் எழுதி வைத்தேன். கார்த்திகையில் நாற்பத்தேழு. மார்கழியில் நாற்பத்தைந்து. முன்பெல்லாம் எடை இறங்கினால் அக்கா ஜெயித்தாள் என்று அர்த்தம். இப்போது இறங்குவது எது என்று எனக்குத் தெரியும். தையல் மிஷின் மேல் உறை போட்டுவிட்டாள். தளர்ந்த ஜாக்கெட்டுகளை அப்படியே போட்டுக்கொண்டாள்.

மாசி பிறப்பதற்கு முன் அக்கா போய்விட்டாள். அவள் கடைசியாக டயாலிசிஸுக்கு வந்தது தையில், ஒரு வெள்ளிக்கிழமை. நிற்க முடியவில்லை. சக்கர நாற்காலியோடு எடை மேடையில் ஏற்றி, நாற்காலியின் எடையைக் கழித்தார்கள்.

“எவ்வளவுட்டி?”

“நாப்பத்திரண்டரைக்கா.”

“நாற்காலியைக் கழிச்சியா, இல்ல அதையும் சேத்துச் சொல்லுதியா?”

“கழிச்சாச்சுக்கா.”

அக்கா எண்ணைப் பார்த்தாள். வாழ்நாளெல்லாம் அடுத்தவர் உடம்பை டேப்பால் அளந்தவள். தன் கையின் சுற்றளவு அவளுக்குத் தெரியாமல் இருக்காது. என் பக்கம் திரும்பினாள்.

“அம்புட்டும் தண்ணிதானலே போயிருக்கு?”

அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். யார் தப்பாகச் சொன்னாலும் திருத்தாமல் விடாதவன் நான் என்பது அவளுக்கு இரண்டு வருடத்தில் தெரிந்திருந்தது.

“ஆமாக்கா,” என்றேன். “தண்ணிதான்.”

“அப்போ அரைத் தம்ளர் குடு. நாக்கு ஒட்டுது.”

கொடுத்தேன். நான்கு மடக்காகக் குடித்தாள்.  அந்தப் பெண் தம்ளரை வாங்கிப் பார்த்து, மிஷினில் எண்ணைத் திருத்தினாள்.

“நூறு மில்லி. அதையும் சேத்து எடுத்திருதேன்க்கா.”