கன்னிமார் மேல் போட்ட பழி

நான் பொய் சொன்னேன். சாமியின் பெயரால், பெற்ற மகளிடம் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு குழந்தை செத்தது. அது என் பேரன்.

இதைப் படிக்கிற உங்களுக்கு என் முகம் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. கேட்க வேண்டியவள் பக்கத்து அறையில் சோளம் புடைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை...

என் தகப்பனார் பள்ளிக்கூட வாத்தியார். எழுத்து அவர் தந்தது. ராசிபுரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். பாவாயி ஒரே மகள்.

எங்கள் பக்கத்துக் கிணறுகள் அகலமானவை, ஆழமானவை. கோடை வந்தால் பையன்கள் காய்ந்த சுரைப்புருடையை முதுகில் மிதவையாகக் கட்டிக்கொண்டு அதில் நீச்சல் பழகுவார்கள். பாவாயிக்கும் என் தம்பி ஒரு புருடை கட்டிவிட்டான். சீக்கிரமே அதை அவிழ்த்துவிட்டுக் குதிக்கத் தொடங்கினாள். மேட்டிலிருந்து ஓடி வந்து, கால்களைக் கட்டிக்கொண்டு, கல் விழுகிற மாதிரி விழுவாள். தண்ணீருக்கு மேலே வந்ததும் முதலில் என்னைத்தான் தேடுவாள். அந்தச் சிரிப்பு! அதை நான் பார்த்தேனா? இல்லை. சிராய்த்த முழங்காலைப் பார்த்தேன். செம்பட்டை பாய்ந்த முடியைப் பார்த்தேன். நாளைக்கு இவளை எவன் கட்டுவான் என்று பார்த்தேன்.

ஒரு நாள் கிணற்றுப் படிக்கல் தாடையைக் கிழித்துவிட்டது. ரத்தம் கழுத்தில் வழிய மேலே ஏறி வந்தவள், "நோவலீங்கம்மா. இன்னொருக்கா குதிக்கட்டுங்களா?" என்று கேட்டாள்.

ஓர் அடி வைத்திருந்தால் மறுநாளே மறந்திருப்பாள். நான் அடிக்கவில்லை. கிணற்றோர வேப்பமரத்தடியில் வரிசையாக நட்டிருந்த கன்னிமார் கற்களைக் காட்டினேன்.

"பொட்டப்புள்ள கெணத்துல குதிச்சாக் கன்னிமாருக்கு ஆகாது சாமி. இன்னிக்கித் தாடையில அடையாளம் போட்டுட்டாங்க. இன்னொருக்கா எறங்குனீன்னா, காலப் புடிச்சு உள்ள இழுத்துக்குவாங்க."

எந்தப் பெரியவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கன்னிமார் யாரையும் இழுத்ததில்லை. கிணற்றையும் வெள்ளாமையையும் காக்கிற சாமிகள் அவர்கள். அந்த நிமிடத்தில் என் நாக்கு கட்டிய கதை அது! பாவாயி தாடையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு கிணற்றைப் பார்த்தாள். அன்றோடு சரி.

அதன் பிறகு எனக்கு வேண்டியபடி வளர்ந்தாள். வெயில் படாமல், இன்னொரு தழும்பு விழாமல், குரல் உயராமல். கிணற்றோரம் போக நேர்ந்தால் கற்களைக் கும்பிட்டுவிட்டு எட்டி நடப்பாள். அக்கம்பக்கத்தார் தங்கள் பெண்களைத் திட்டும்போது பாவாயியைக் காட்டித் திட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

நாமக்கல் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் பாவாயியின் கையைத் திருப்பிப் பார்த்தாள், முகத்தை வெளிச்சத்தில் நிமிர்த்திப் பார்த்தாள். தாடைக்கு அடியில் ஒளிந்திருந்த தழும்பு அவள் கண்ணில் படவில்லை. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தானே அத்தனையும்...

யுத்த காலம். பாவாயியின் மகன் செங்கோடன் ஓடி விளையாடுகிற வயது. ஆண்கள் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு போனவன் அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் விழுந்துவிட்டான். சேதி கிடைத்து, பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் நான் போய்ச் சேர்ந்தபோது அவனை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள்.

சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தவள் பாவாயிதான். பையன் தண்ணீரில் கையை அடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறாள். கிணற்று மேட்டில் நின்றிருக்கிறாள். பிறகு அடுத்த தோட்டத்துக்குக் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறாள். ஆள் வந்து இறங்கியபோது காலம் கடந்துவிட்டது.

குற்றம் சொல்ல ஒன்றுமில்லை என்ற அதே வாய், பெற்ற பிள்ளை முங்கும்போது சேலை நனைந்துவிடும் என்று நின்றவள் என்றது. ஊரும் அதையே சொன்னது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு நீச்சல் தெரியும், அவள் காலைக் கட்டிப்போட்டவள் நான் என்று எழுந்து சொன்னேனா? தலையைக் குனிந்துகொண்டேன்.

காரியம் முடிந்த அன்று மாட்டுக்கொட்டகைப் பக்கம் பாவாயி என்னைத் தனியே அழைத்துப் போனாள்.

"குதிக்கோணும்னுதானுங்கம்மா சேலைய வரிஞ்சு கட்டுனேன். கன்னிமாரு நெனப்பு வந்துச்சு, காலு நின்னுபோச்சு. ஏனுங்கம்மா, சின்னதுல நாங் குதிச்சதுக்குத்தான் எம்புள்ளைய எடுத்துக்கிட்டாங்களா?"

இங்கேதான் என் இரண்டாவது பாவம். முதலாவதையாவது அறியாமை என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வேன்?

அது பொய் கண்ணு என்று ஒரு வார்த்தை போதும். சொன்னால் என்ன ஆகும்? குதித்திருக்கலாமே, பிழைத்திருப்பானே என்று ஆயுசுக்கும் எரிவாள். அவளைக் காப்பாற்றத்தான் மறைத்தேன்... இல்லை! அது நான் பிறகு தேடிப் பிடித்த சமாதானம். என்னை வெறுத்துவிடுவாள் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

"தெய்வத்தோட காரியம். நமக்கென்ன கண்ணு தெரியும்" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் பாவாயியை என்னோடு அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவள் கன்னிமார் கற்களைக் கழுவி, மஞ்சள் பூசி, விளக்கு வைத்து மன்னிப்புக் கேட்கிறாள். ஒரு குற்றமும் செய்யாத சாமிகளிடம், ஒரு குற்றமும் செய்யாத என் மகள்!

போன வெள்ளிக்கிழமைதான் இதை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது. பக்கத்துத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி, முதுகில் புருடையும் முழங்காலெல்லாம் காயமுமாக, எங்கள் கிணற்று மேட்டில் குதிக்க நின்றாள். கற்களுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த பாவாயி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். தன் தாடையை நிமிர்த்தித் தழும்பைக் காட்டினாள். நான் சொன்ன அதே சொற்கள், ஒன்று குறையாமல்...

சிறுமி நம்பவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு மரத்தடியில் நின்ற என் பக்கம் திரும்பினாள்.

"நெசமுங்களா ஆத்தா?"

பாவாயியும் என்னைப் பார்த்தாள்.

நீங்கள் உங்கள் மகளின் சிராய்த்த முழங்காலைக் கண்டு முகம் சுளித்திருப்பீர்கள். அந்தச் சுளிப்பை அவள் தாங்கிக்கொள்வாள். அவள் ஓடி வந்து குதிக்கிற அந்த மனதை மட்டும் உடைத்துவிடாதீர்கள். இதை அங்கே, அந்த மேட்டில், நான் சொல்லியிருக்க வேண்டும். இங்கே உங்களிடம் சொல்லி என்ன பயன்?

சிறுமி கொஞ்ச நேரம் எனக்காகக் காத்திருந்தாள். பிறகு முதுகிலிருந்த புருடையை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, கற்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து போனாள். வேப்பமரத்தடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு எண்ணெய் ஊற்றிக் கொடுத்தவள் நான்தான்.