பூந்தியின் அலகும் ஆன்றோவின் அரமும்

சமயநல்லூர் மெயின்ரோட்டில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஆன்றோவின் லேப் இருக்கிறது. பல்செட் செய்கிற லேப். மதுரைப் பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சை வைத்து, மெழுகில் பல் அடுக்கி, வார்த்து, அரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுப்பார். இருபத்தைந்து வருஷமாக இதுதான் பிழைப்பு. ஆன்றோ கைபட்ட செட் என்றால் சீடையைக்கூடக் கடிக்கலாம் என்று பேர். அரை மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தாலும் அவர் கண் கண்டுபிடித்துவிடும். கை சும்மா இருக்காது.

வாடிப்பட்டியில் பறவைப் பண்ணை வைத்திருக்கும் பாண்டிராஜ், தன் அப்பாவின் பல்செட்டை வாங்கிப்போக வந்த அன்று போனில் ஒரு படம் காட்டினார். சன் கான்யூர் என்கிற வெளிநாட்டுக் கிளியின் மூன்று மாதக் குஞ்சு. முதுகில் பச்சை, நெஞ்சில் மஞ்சள், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு ஆன்றோ வாடிப்பட்டிக்குப் பைக்கைத் திருப்பிவிட்டார். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி ஜெனிக்கு எங்கே போகிறோம் என்றே தெரியாது. திரும்பும்போது அவள் மடியில் காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி இருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் ‘பூந்தி’ என்று அவளே பேரும் வைத்துவிட்டாள்.

விதையோடு கீரை, காய், பழம் எல்லாம் கொடுத்துப் பழக்கச் சொல்லித்தான் பாண்டிராஜ் அனுப்பியிருந்தார். பூந்திக்கோ சூரியகாந்தி விதை என்றால் உயிர். கீரையை மிதித்துத் தள்ளிவிட்டு விதைக்காகக் கத்தும். கத்தினால் ஆன்றோவுக்கு மனசு கேட்காது.

“ஆசப்படுறத குடுக்காம அப்புறம் எதுக்கு வளக்குறது?” என்று ஒரு கை விதையை அள்ளிப் போடுவார்.

நான்கு மாதத்தில் மேல் அலகு நீண்டு கீழே வளைந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர் மாதிரி மேலே செதில் செதிலாக உதிர்ந்தது. விதையை உடைக்க முடியாமல் பூந்தி அதை உருட்டிக்கொண்டே இருந்தது.

‘இது நம்ம வேலைதானே’ என்று நினைத்தார் ஆன்றோ. டீச்சரான ஜெனி பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு மத்தியானம், கிளியைத் துண்டில் சுற்றிப் பிடித்து, இருப்பதிலேயே மெல்லிய அரத்தால் நுனியைத் தேய்த்தார். நாலாவது இழுப்பில் ஓரம் பிளந்தது. ஒரு பொட்டு ரத்தம் வந்தது. பூந்தி போட்ட சத்தத்தில் அரம் கையிலிருந்து விழுந்துவிட்டது. சோளமாவைத் தொட்டு வைத்து அழுத்தியதும் ரத்தம் நின்றது.

ஜெனி வந்ததும் ஒளிக்காமல் சொன்னார். “நாந்தான் ஜெனி. நாந்தான் பண்ணிட்டேன்.”

“பல்செட்டுன்னு நெனச்சீங்களா? கெளம்புங்க மொதல்ல” என்று அவள் கூண்டைத் தூக்கினாள்.

மதுரையில் பறவைகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் மாதங்கி, பூந்தியின் வாயைத் திறந்து பார்த்தார். எடை போட்டார்; ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். பிளந்த ஓரத்தை மட்டும் தானே மெதுவாகச் சரிசெய்தார்.

“பல்லுல நரம்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்ல சார்? அலகுலயும் இருக்கு, ரத்தமும் ஓடுது. இனிமே அரத்த எடுக்காதீங்க.”

ஆன்றோ தலையை ஆட்டினார். இத்தனை வருஷமாகத் தான் தேய்த்ததெல்லாம் வலி தெரியாத பற்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“வளர்ற பிள்ளைக்கு வெறும் மிக்சரப் போட்டு வளத்த மாதிரி வளத்திருக்கீங்க. விதைல கொழுப்புதான். வைட்டமின் ஏ இல்ல, கால்சியம் இல்ல. அதான் அலகு உதிருது. ஈரலும் கொஞ்சம் சோந்து போயிருக்கும். முருங்கைக்கீரை, கேரட்டு, சக்கரவள்ளிக்கெழங்கு குடுங்க. கால்சியத்துக்குக் கூண்டுல கணவாய் மீன் ஓடு கட்டுங்க. கடிக்கக் கொய்யாக் குச்சி வைங்க. காலைல இளவெயில் படணும். ஆனா விதைய ஒரேயடியா நிறுத்தி பட்டினி போட்றாதீங்க. தெனமும் எடை பாருங்க.”

“கீரைய மிதிக்குது டாக்டர்.”

“அது கூட்டமா வாழ்ற சாதி. கூட இருக்கவங்க திங்கிறதத்தான் தானும் திங்கும். நீங்க அது முன்னாடி உக்காந்து சாப்பிடுங்க.”

ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் ஆன்றோ கீரை தின்று அவள் பார்த்ததில்லை. தட்டில் கேரட் கிடந்தால் ஓரமாக ஒதுக்கிவைக்கிற ஆள் அவர்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆன்றோ கூண்டின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். தட்டில் உப்பில்லாமல் வேகவைத்த முருங்கைக்கீரை, துருவிய கேரட். ஒரு வாய் வைத்தார். முகம் கோணியது.

“மொகத்த அப்படி வச்சா அது எப்படித் திங்கும்? ரசிச்சுச் சாப்பிடுங்க” என்றாள் ஜெனி.

“அடடா, எம்புட்டு ருசி!” என்று கிளியிடம் பொய் சொன்னார் ஆன்றோ. பூந்தி தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவ்வளவுதான்.

ஒன்பது நாள் இப்படியே போனது. மெழுகு நிறுக்கிற சின்னத் தராசை லேப்பிலிருந்து கொண்டுவந்து தினமும் பூந்தியை அதில் நிற்கவைத்தார். நூற்றுநான்கு கிராம், நூற்றுமூன்று, நூற்றுநான்கு. சாயங்காலம் அளந்து கொஞ்சம் விதை. பத்தாம் நாள் அவர் தோளிலிருந்து இறங்கி வந்த பூந்தி, அவர் வாய்க்குக் கொண்டுபோன கேரட்டை நடுவழியில் பிடுங்கியது. மென்றது. பாதியைத் துப்பியது. மீதியைத் தின்றது.

“ஜெனி! தின்னுருச்சு, ஜெனி!”

குளித்துக்கொண்டிருந்தவள் தலையில் துண்டோடு ஓடிவந்தாள். அன்று இரண்டு பேருமே வேலைக்குத் தாமதமாகத்தான் போனார்கள்.

அலகு ஒரே நாளில் மாறிவிடாது. அடியிலிருந்து புதிதாக வளர்ந்து வரவேண்டும். நடுவில் இரண்டு தடவை டாக்டர்தான் நுனியைச் செதுக்கிவிட்டார். பூந்தி கணவாய் ஓட்டைச் சுரண்டியது. கொய்யாக் குச்சிகளைத் தூளாக்கியது. ஜன்னலோர வெயிலில் இறக்கையை விரித்து நின்றது. ஐந்தாம் மாதம் பரிசோதனைக்குப் போனபோது அலகு கறுத்து வழுவழுவென்று இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டரின் பேனா மூடியை அது இரண்டாக நொறுக்கிவிட்டது.

“இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு வேணும்?” என்று சிரித்தார் மாதங்கி.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கப்பலூரில் வேலை பார்க்கும் ஆன்றோவின் தம்பி டோனி சாப்பிட வந்திருந்தான். அண்ணன் தட்டில் கறிக்குழம்புக்குப் பக்கத்தில் குவிந்திருந்த கீரையைப் பார்த்தவன், பிசைந்த சோற்றை வாயில் வைக்காமல் அப்படியே நிறுத்திவிட்டான்.

“அண்ணே, நீயா கீர திங்கிற? ஒடம்புக்கு எதுவும் முடியலையா?”

“மெதுவாப் பேசுடா,” என்றார் ஆன்றோ. “நீயும் ரெண்டு வாய் எடுத்து வையி. அது பாத்துக்கிட்டு இருக்கு.”