மூடிய கால்வாயும் திறந்த வாசலும்

மாம்பலம் ஸ்டேஷனை விட்டு வெளியே வருகிறேன். இடிமழை அப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு ஜவுளிக்கடைப் படியில் ஏறி நிற்கிறேன். கடைக்காரர் புடவைக் கட்டுகளை மேல்தட்டில் ஏற்றிக்கொண்டே மழைநீர்க் கால்வாய் கட்டியவர்களைத் திட்டுகிறார்.

"புச்சா கட்னானுங்க சார். ஒரு சொட்டு உள்ள போவுதா பாரு."

"தண்ணி இறங்குற ஓட்டை எங்கண்ணே இருக்கு?"

"நீ நிக்கிற படிக்குக் கீழதான் கீது. ஒரே நாத்தம், கஸ்டமர் மூக்கப் பொத்திக்கினு போய்ட்டாங்க. சிமெண்ட் பூசி அடைச்சு, மேல கிரானைட் போட்டுட்டோம். தெருவே அப்படித்தான் பண்ணிக்கீது."

சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி திட்டுகிறார். தண்ணீர் நிதானமாகப் படியேறுகிறது. இந்தத் தெருவில் அதற்குத் திறந்து வைத்திருப்பது கடை வாசலை மட்டும்தான்.