வேகத்தடையும் என் மனைவியின் ரத்தமும்

மூன்றாவது கர்ப்பமும் கலைந்தபோது, வீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் கொண்டுவந்தார்கள். பப்பாளி தின்றாள், எள்ளுருண்டை தின்றாள், வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் கிணற்றடியில் நின்றாள். என் பங்குக்கு நான் இரண்டாவது கலைந்தபோதே கண்டுபிடித்தது காரிமங்கலம் சாலையின் வேகத்தடைகள். அதனால்தான் மூன்றாவது தடவை பைக்கை உருட்டுகிற வேகத்தில் ஓட்டினேன். சந்தைக்குப் போகிற ஆடுகள் எங்களை முந்திக்கொண்டு போயின. அப்படியும் கலைந்தது.

ரத்தப் பரிசோதனைக்குத் தருமபுரி பஸ்ஸில் ஏறியதும் மனைவி சொன்னாள்: “ரத்தத்துல காரணம் தெரிஞ்சா இன்னொரு வாட்டி பாப்போம். தெரியலன்னா வுட்டுடலாங்க. இனிமே என்னால ஆவாது.”

ஜோக்கடிக்க வாயைத் திறந்தேன். கண்டக்டரிடம் இரண்டு டிக்கெட் கேட்டுவிட்டு மூடிக்கொண்டேன்.

லேப்பில் ரத்தம் எடுக்கும் பெண் குழாய் குழாயாக நிரப்பினாள். மனைவி சுவர்க் காலண்டரைப் பார்த்தபடி கையை நீட்டியிருந்தாள்.

“அடுத்து நீங்க சார்.”

“நானா? நான் கூட வந்தவனுங்க!”

“குரோமோசோம் டெஸ்டு ரெண்டு பேருக்கும் எழுதியிருக்காங்க. கொழந்தையில பாதி நீங்கதானுங்களே?”

ஊசி என் மேல் பட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது பெஞ்சில் கிடந்தேன். மனைவி ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் காத்திருந்த அம்மா ஒருவர் பரிதாபமாக விசாரித்தார்: “வூட்டுக்காரருக்கு என்னா வியாதி கண்ணு?”

“பயங்க.”

என் ரிப்போர்ட் சுத்தம். அவளுடைய ரத்தத்தில்தான் சீக்கிரம் உறையவைக்கும் ஏதோ ஒன்று இருந்தது. உறுதிப்படுத்த மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள். அப்போதும் இருந்தது. பரிசோதனை எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவிடம் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அப்ப நான் தின்னதுனால, கெணத்தடியில நின்னதுனால இல்லீங்களா?”

“தின்னதும் இல்ல, நின்னதும் இல்லம்மா. கொழந்தைக்குப் போற வழியில ரத்தம் கட்டிக்குது, அதான். வைத்தியம் இருக்கு. மாத்திரை தரேன். கர்ப்பமானதும் தெனம் வயித்துல ஒரு ஊசி.”

“பைக்கு இல்லீங்களா?” என்றேன்.

“எந்த பைக்கு?” என்றார் டாக்டரம்மா.

மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியதில் சிரிப்பும் கலந்திருந்தது.

இப்போது நான்காவது. ஊசி போடும் பொறுப்பை வீரமாக ஏற்று, தக்காளிகளைக் குத்திப் பழகினேன். குத்துப்பட்டதெல்லாம் ரசத்துக்குப் போயிற்று. முதல்நாள் அவள் வயிற்றைப் பார்த்ததுமே கண்ணை மூடிக்கொண்டேன். ஊசியைப் பிடுங்கி அவளே போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து நான் பஞ்சு பிடிக்கிறவன்.

முந்தைய மூன்றும் தாண்டாத மாதத்தை இது தாண்டிவிட்டது. நேற்று ஸ்கேனில் துடிப்பைக் கேட்டுவிட்டுத் திரும்பும்போது, வேகத்தடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டேன். முதுகில் ஒரு குத்து விழுந்தது.

“டாக்டரம்மா சொன்னது மறந்துபோச்சா? ஏத்துங்க. ஊசிக்கு நேரமாவுது.”

ஏற்றினேன். அதற்குள் ஓர் ஆடு எங்களை முந்தியதை அவள் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.